மூன்றாம் எண் குப்பி

ரஃபீனா தன் முப்பத்தெட்டு வயதுக்குள் சொல்லியிருக்கும் பொய்களை எண்ண உட்கார்ந்தால் மட்டாஞ்சேரியில் உள்ள அத்தனை பேரின் கைவிரல்களும் போதாது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை யாரையும் கடிக்காத பொய்கள். நாத்தனார் வைத்த மீன்குழம்பு பிரமாதம் என்பது, வாசலில் நன்கொடை கேட்டு வருகிறவர்களுக்கு வீட்டில் யாரும் இல்லை என்று தானே உள்ளிருந்து குரல் கொடுப்பது, இந்த மாதிரி. பல்லுள்ள பொய் என்றால் ஒன்றே ஒன்றுதான். அதை அவள் நேர்முகத் தேர்வில் சொன்னாள்.

தோப்பும்படிப் பக்கம் உள்ள கடல் ஆராய்ச்சி நிலையத்தில் களப்பணிக்கு ஆள் எடுத்தார்கள். வாரம் ஒருநாள் கடலோடு கலக்கும் காயலில் ஐந்து இடங்களில் தண்ணீர் மொண்டு வரவேண்டும். மற்ற நாட்களில் கண்ணாடிச் சாமான்கள் கழுவ வேண்டும். "படகுல போய்ப் பழக்கம் இருக்கா?" என்று கேட்டார்கள்.

"படகா? அது எனிக்குத் தண்ணி பட்ட பாடு" என்றாள் ரஃபீனா.

உண்மை என்னவென்றால், கரையில் கட்டிப்போட்ட படகு அசைவதைப் பார்த்தாலே அவளுக்கு வயிற்றைப் புரட்டும். நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாள் கணவன் அனீஸ் அவளை ஆசையாக எதிர்க்கரையில் உள்ள வைப்பினுக்குப் படகில் அழைத்துப் போனான். பத்து நிமிடம்கூட ஆகாத பயணம். அதற்குள் மாமியார் வீட்டு விருந்து முழுவதும் அனீஸின் புதுச்சட்டையில் இருந்தது. அன்று முதல் வைப்பினில் கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவள் எர்ணாகுளம் வழியாகப் பாலம் சுற்றித்தான் போவாள். திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர் இருக்கிற ஊரில் பிறந்துவிட்டுப் படகேறமாட்டேன் என்றால் ஊர் சிரிக்கும். அதனால் அனீஸைத் தவிர யாருக்கும் இந்த ரகசியம் தெரியாது. தெரியாது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

வேலை கிடைத்தது. ஐந்து குப்பிகள் தந்தார்கள். ஒன்றாம் எண் மட்டாஞ்சேரிப் படகுத்துறை. இரண்டாம் எண் ஃபோர்ட் கொச்சி. மூன்றாம் எண் ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நட்டநடுவே, படகு ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிற்றில் வாளி இறக்கி மொள்ள வேண்டியது. நான்கு வைப்பின் கரை. ஐந்து வில்லிங்டன் தீவு.

முதல் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ரஃபீனா படகுத்துறைக்குப் போனாள். முறையாக டிக்கெட் எடுத்தாள். படகு வந்தது, ஆடியது, போனது. அவள் கரையிலேயே நின்றாள். பிறகு, "எல்லாம் ஒரே காயல்தானே, அங்க மொண்டா என்ன, இங்க மொண்டா என்ன" என்று தனக்குத்தானே ஃபத்வா கொடுத்துக்கொண்டு, தண்ணீர் தொடுகிற கடைசிப் படியில் குந்தி ஐந்து குப்பிகளையும் நிரப்பினாள். அடுத்த செவ்வாயும் அப்படியே. அதற்கடுத்த செவ்வாயும். டிக்கெட் மட்டும் ஒரு வாரம்கூடத் தவறாமல் எடுத்தாள். படகுக்காரனை ஏமாற்றக் கூடாது அல்லவா.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். ரஃபீனாவின் புளுகு எட்டு மாதம் ஓடியது. ஓடியதற்குக் காரணம் அவள் கெட்டிக்காரத்தனம் அல்ல, அவள் குடிக்கிற மோர்.

நிலையத்தில் தந்த நீலப்பெட்டிக்குள் ஸ்பாஞ்சில் ஐந்து குழிகள் இருந்தன. சுற்றிலும் பனிக்கட்டிப் பைகள். நடுக்குழிதான் நல்ல குளிர்ச்சி. அந்தக் குழியைப் பார்த்ததுமே அது மூன்றாம் எண் குப்பிக்கு அல்ல, தன்னுடைய இஞ்சி தட்டிப் போட்ட சம்பார மோருக்கு என்று ரஃபீனாவுக்குத் தோன்றிவிட்டது. இடம் பறிபோன மூன்றாம் எண் குப்பியைத் துணிப்பையில் போட்டு ஸ்கூட்டரின் முன் கொக்கியில் மாட்டுவாள். பெட்டியை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுத் தன் சொந்த வேலைகளுக்குக் கிளம்புவாள். யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் பழம்பொருள் கடை நடத்தும் நாத்தனாருக்குக் காலைச் சாப்பாடு, பஜார் சாலையில் மிளகாய் மல்லி வாங்குவது, சுள்ளிக்கல்லில் அக்கா வீட்டில் ஒரு சாயா. குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய சாலைகள். மூன்றாம் எண் குப்பி கொக்கியில் தொங்கியபடி கூடவே ஊர் சுற்றும். பத்தரை மணிக்குத்தான் ஐந்தும் மறுபடி ஒன்று சேர்ந்து நிலையத்துக்குப் போகும்.

அங்கே அவற்றுக்காகக் காத்திருப்பவள் டாக்டர் அஞ்சனா. சாத்தூர்க்காரி, முப்பத்தோரு வயது, பேச்சில் படபடப்பு. மூன்றாண்டு ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு கொச்சிக்கு வந்தவள். இந்த ஊரில் அவளிடம் தமிழில் பேசக் கிடைத்த முதல் ஆள், வீட்டிலும் தமிழே பேசும் ரஃபீனா என்பதால் வந்த வாரமே அக்கா ஆக்கிக்கொண்டாள்.

மூன்றாவது மாதம் ஒருநாள் அவள், குப்பி கழுவிக்கொண்டிருந்த ரஃபீனாவின் ஈரக்கையைப் பிடித்து நுண்ணோக்கிக்கு முன்னால் இழுத்து வந்தாள்.

"முதல்ல ரெண்டாம் எண்ணைப் பாருங்க அக்கா."

ரஃபீனா கண்ணை வைத்தாள். தங்கக் கம்பித் துண்டுகள் போல நாலைந்து அங்கங்கே கிடந்தன. புள்ளி புள்ளியாக என்னென்னவோ துள்ளின.

"கம்பி மாதிரி இருக்கே, அது டயட்டம். பாசி வகை. துள்ளுறது பாக்டீரியா. இப்ப மூணாம் எண்ணைப் பாருங்க."

மூன்றாம் எண்ணில் கம்பிகள் கட்டுக்கட்டாகச் சேர்ந்து, நடுவில் கோந்து பூசியதுபோல் ஒட்டி, பஞ்சுத் துணுக்காகக் கிடந்தன. அந்தப் பஞ்சைச் சுற்றிப் பாக்டீரியாக்கள் பிரியாணிப் பந்தியில் இடம் பிடிப்பதுபோல் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

"கல்யாண வீடு போல இருக்கு டாக்டரே" என்றாள் ரஃபீனா.

"அதேதான்! ஆனா இதுங்க சந்திச்சதுதான் அக்கா அதிசயம். நமக்கு இது ஒரு சொட்டு. அதுங்களுக்கு இது பெரிய மைதானம். பாக்டீரியா அளவுக்குச் சின்னதா இருந்தா தண்ணி தேன் மாதிரி கெட்டியா இருக்கும். நீந்துறதை நிறுத்துன அந்த நிமிஷமே அசையாம நின்னுடும், ஒரு இம்மி வழுக்காது. பக்கத்துல டயட்டம் இருந்தா அதுல இருந்து கசியுற சர்க்கரையை மோப்பம் பிடிச்சுப் போய்ச் சேரும். ஆனா டயட்டம் நீந்தவே நீந்தாது. எங்கேயோ கிடக்கிற ரெண்டு டயட்டம் எப்படி ஒண்ணை ஒண்ணு பார்க்கும்? யாராவது கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

"தரகர் வேணும்."

"தண்ணிதான் தரகர்! தண்ணி ஒரு பக்கம் வேகமா, ஒரு பக்கம் மெதுவா ஓடுனா, பின்னால வர்றது முன்னால போறதை வந்து இடிக்கும். இடிச்சா ஒட்டிக்கும். ஒட்டுனா கனம் வரும், அடியில இறங்கும். அடியில இருக்கிற இறாலும் நண்டும் இதைத்தான் தின்னும். பன்னிரண்டு வாரமா மூணாம் எண்ணுல மட்டும்தான் இப்படி. நடுக்காயல்ல அப்படி என்ன அக்கா இருக்கு?"

இந்த இடத்தில் ரஃபீனா வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் பொய் சொல்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது ஆசையாகக் கேட்டால் கூடக் கொஞ்சம் அள்ளிப் போடுவார்கள்.

"அங்க தண்ணி ஒரு சுழி சுழிக்கும் பாருங்க" என்றாள் அவள். "கடல் தண்ணி ஒரு பக்கம் தள்ளும், காயல் தண்ணி ஒரு பக்கம் தள்ளும். வாளியைப் பிடுங்கிட்டுப் போயிரும். ஞாபகமாப் பிடிச்சுக்கணும்."

அஞ்சனாவின் கண்கள் விரிந்தன. "சுழி!" என்று குறித்துக்கொண்டாள். அந்தச் சுழி அவள் அறிக்கையில் ஏறியது. அறிக்கை சென்னைக்குப் போனது. ரஃபீனா அன்று வீட்டுக்குப் போகும்போது ஒரு மீன்காரியிடம் அரைக்கிலோ கூடுதலாகவே வாங்கினாள். அவ்வளவு நல்ல மனநிலை.

எட்டாம் மாதம் இடி விழுந்தது.

"சுதர்ஷன் சார் வர்றார்" என்றாள் அஞ்சனா. முகத்தில் ரத்தமே இல்லை. பேராசிரியர் சுதர்ஷன்தான் அவள் திட்டத்தை மதிப்பிடுகிறவர். இரண்டு கேள்வியில் ஆளை வெங்காயம்போல் உரித்துவிடுவார் என்று பெயர். "நடுக்காயல்ல மட்டும் இப்படி இருக்குன்னா என் கண்ணால பார்க்காம நம்பமாட்டேன்னு எழுதியிருக்கார். நாலு வாரத்துல வர்றார். அவரைப் படகுல மூணாம் இடத்துக்குக் கூட்டிட்டுப் போகணும். நீங்கதான் அக்கா அந்தச் சுழியைக் காட்டணும்."

"அங்க அது இல்லைன்னா?" என்று ரஃபீனா மெல்லக் கேட்டாள்.

"திட்டத்தை நிறுத்திடுவாங்க, நான் சாத்தூருக்குப் பெட்டி கட்டணும். அதுகூடப் பரவாயில்ல அக்கா. ஆய்வுல பொய் சொன்னவன்னு ஒரு தடவை பேர் வந்துட்டா அவ்வளவுதான். அப்புறம் நான் என்ன எழுதுனாலும் ஒருத்தரும் தொடமாட்டாங்க."

ரஃபீனா அன்று சம்பாரம் குடிக்கவில்லை. தன் பொய் தன் தலையில் விடிந்தால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். இருக்கிற வாயை வைத்து எப்படியாவது சமாளித்திருப்பாள். அது இந்தப் பெண்ணின் தலையில் அல்லவா விடியப் போகிறது. ஒரே படியில் மொண்ட ஐந்து குப்பிகளில் மூன்றாவது மட்டும் ஏன் கல்யாண வீடாக இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை. அது தெரிந்தாக வேண்டும். தெரிந்தால்தானே பேராசிரியர் வரும் நாளில் ஒரு கல்யாணத்தைச் செய்து காட்டலாம்.

குப்பியில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தாள். அந்தச் செவ்வாய் மூன்றாம் எண்ணைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒன்றாம் எண்ணைக் கொக்கியில் மாட்டினாள். மத்தியானம் அஞ்சனா ஆய்வகத்திலிருந்து ஓடி வந்தாள். "அக்கா! கூட்டம் மட்டாஞ்சேரிக்கு இடம் மாறிடுச்சு! அமாவாசை நீரேற்றமா இருக்கும்!" சாயங்காலத்துக்குள் வெள்ளைப் பலகை முழுக்க அம்புக்குறிகள். நிலா, கடல், வைப்பின், மட்டாஞ்சேரி எல்லாவற்றையும் இணைத்து அம்புகள் பாய்ந்தன. அதைத் துடைக்கும்போது ரஃபீனாவுக்கு நெஞ்சு சுருக்கென்றது. ஆனால் ஒன்று தெளிவாகிவிட்டது. குப்பியில் எதுவும் இல்லை, கொக்கியில்தான் இருக்கிறது.

கொக்கியில் என்றால், வெயிலா, துணிப்பையா, ஆட்டமா? வீட்டில் ஊறுகாய் தீர்ந்த கண்ணாடிக் குப்பிகளைக் கழுவினாள். படியிலிருந்து ஒரு வாளி காயல் தண்ணீர் கொண்டுவந்து எல்லாவற்றிலும் ஊற்றினாள். ஒன்றைக் குளிர்பெட்டியில் வைத்தாள். ஒன்றை அதே துணிப்பையில் போட்டு, அசைக்காமல் வெயில் விழும் ஜன்னலில் தொங்கவிட்டாள். இரண்டிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றைச் சுள்ளிக்கல்லுக்கு எடுத்துப்போய், அக்காவின் ஏழு மாதப் பேத்தி ஃபிதாவின் தொட்டிலில் கட்டினாள். ஃபிதா மூன்று மணி நேரம் தூங்கினாள். தொட்டில் நின்றால் அவள் விழித்துக்கொள்வாள் என்பதால் அக்கா கயிற்றை விடவே இல்லை. குழந்தை எழுந்ததும் ரஃபீனா செல்போன் வெளிச்சத்தைக் குப்பிக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தாள். உள்ளே பூப்பூவாகப் பஞ்சுத் துணுக்குகள் மிதந்தன.

சந்தோஷத்தில் அந்தக் குப்பியை இன்னும் நன்றாக்கலாம் என்று வாஷிங் மெஷின் மேல் வைத்து, துணி பிழிகிற ஓட்டத்தில் விட்டாள். கால் மணி நேரத்தில் அத்தனை பஞ்சும் தூளாகிப் போனது. அதிகம் குலுக்கினால் சேர்ந்ததெல்லாம் பிரிந்துவிடுகிறது.

"என்னடி, குப்பிக்கெல்லாம் தாலாட்டா?" என்றான் அனீஸ்.

"நீங்க போய் ஆட்டோவை ஓட்டுங்க. மெதுவா ஓட்டணும், வேகமாப் போனா எல்லாம் பிரிஞ்சிரும்" என்றாள் அவள். அனீஸ் ஒன்றும் புரியாமல் அன்று முழுக்க மெதுவாகவே ஓட்டினான்.

எதை எங்கே எவ்வளவு நேரம் ஆட்டினாள் என்பதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். தமிழில் பேசுவாள், ஏசுவாள், எழுதுவது மலையாளத்தில்தான். திரும்பத் திரும்பச் செய்தாள். ஒருமுறை சரியாக வந்ததை மறுநாளும் செய்து பார்த்தாள். பொய்யைக் காப்பாற்றப் படுகிற பாட்டில் நாலில் ஒரு பங்கு போதும் நிஜத்தைச் செய்வதற்கு என்று அவளுக்கே தோன்றியது. தோன்றி என்ன செய்ய.

பேராசிரியர் வரும் செவ்வாயும் வந்தது. முந்தின இரவு அக்கா வீட்டுத் தொட்டிலில் ஆட்டியெடுத்த தண்ணீரை விடிந்ததும், மூன்று என்று சீட்டு ஒட்டிய இன்னொரு குப்பியில் ஊற்றி, பர்தாவுக்குள் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். திட்டம் எளிது. நடுக்காயலில் வாளி இறங்கும். குப்பி நிரம்பும். மூடுகிற நேரத்தில் கை மாறும். பேராசிரியர் கல்யாண வீட்டைப் பார்ப்பார், அஞ்சனாவின் பெயர் பிழைக்கும், பிறகு இந்த வேலையே வேண்டாம் என்று நின்றுவிடலாம்.

படகுத்துறையில் நிலையத்தின் சின்ன மோட்டார் படகு நின்றது. ஓட்டுகிற செல்லதுரை ராமநாதபுரத்திலிருந்து வந்து வைப்பினில் குடியேறியவர். பேராசிரியர் சுதர்ஷன் ஒல்லியாக, தொப்பி போட்டுக்கொண்டு, ஏற்கெனவே படகில் உட்கார்ந்திருந்தார். ரஃபீனா ஒரு காலை எடுத்துப் படகில் வைத்தாள்.

"இத்தா, நீங்களா? படகுலயா?" என்று, அக்காவுக்கு ஊர் வழக்கப்படி இத்தா சொல்லும் செல்லதுரை வாயைப் பிளந்தார். "டிக்கெட் எடுத்துட்டு ஏறாமலே போற இத்தான்னு துறை முழுக்க..."

ரஃபீனா பார்த்த பார்வையில் மீதி வாக்கியம் அவர் தொண்டையிலேயே நின்றுவிட்டது. நல்லவேளை, மோட்டார் சத்தத்தில் அஞ்சனாவுக்கு அது கேட்கவில்லை.

படகு கிளம்பிய மூன்றாம் நிமிடம் ரஃபீனாவின் நெற்றி வியர்த்தது. ஐந்தாம் நிமிடம் கரையோரச் சீன மீன்வலைகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. ஃபோர்ட் கொச்சியைத் தாண்டியதும் அவள் படகின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். காலையில் சாப்பிட்ட அரிசிப் பத்திரி, நேற்றிரவு சாப்பிட்ட கப்பைக்கிழங்கு, எல்லாம் வரிசையாகக் காயலுக்குப் போயின. இடுப்பில் குப்பி குத்தியது. "படைச்சவனே, இப்பவே எடுத்துக்கோ" என்று முனகினாள்.

அஞ்சனா ஓடிவந்து அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். முதுகைத் தடவினாள். தண்ணீர் கொடுத்து, தன் துப்பட்டா முனையால் வாயைத் துடைத்துவிட்டாள்.

"அக்கா, ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் வந்தீங்களா?" அவள் குரல் உடைந்தது. "எட்டு மாசமா? எனக்காகவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ரஃபீனா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். அஞ்சனா அப்போது திட்டியிருந்தால், சந்தேகப்பட்டிருந்தால், ஏன் முகத்தைச் சுளித்திருந்தால்கூடப் போதும், ரஃபீனா ஒரு குப்பி என்ன, ஆறு குப்பியை மாற்றியிருப்பாள். தன் வாந்தியைத் துடைத்த துப்பட்டாவைப் பார்த்தபோது அவளுக்குக் கை வரவில்லை.

படகு நடுவில் நின்றது. "இதுதானே இடம்?" என்றார் பேராசிரியர். "எங்கம்மா சுழி?"

தண்ணீர் எண்ணெய் போல அமைதியாகக் கிடந்தது.

ரஃபீனா பர்தாவுக்குள் கைவிட்டுக் குப்பியை எடுத்து எல்லோரும் பார்க்கப் பலகையில் வைத்தாள். "சுழி இல்ல சார். இருந்ததே இல்ல. நான் இந்த இடத்துக்கு இன்னிக்குத்தான் வர்றேன்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். கடைசிப் படி, ஐந்து குப்பி, சம்பாரம், கொக்கி, நாத்தனாரின் சாப்பாடு, எல்லாம். நடுவில் இரண்டுமுறை விளிம்புக்குப் போய்க் குனிந்துவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இடுப்புக் குப்பி எதற்கு என்பதையும் மறைக்கவில்லை. "டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது சார். பாவம், நான் சொன்னதைப் படைச்சவன் சொன்னதுபோல நம்பிச்சு. தப்பு மொத்தமும் என்னுது."

அஞ்சனா துப்பட்டாவை மடித்து மடித்து விரலளவு ஆக்கிவிட்டாள்.

"மொத்தமும் அவங்க தப்பில்ல சார்" என்றாள் அஞ்சனா கடைசியில், ரஃபீனாவைப் பார்க்காமல். "முப்பத்திரண்டு வாரம். ஒரு வாரம்கூட நான் கூட வரலை. மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திரிக்க மனசு வரலை. அறிக்கை பொய். நான் திரும்ப வாங்கிக்கிறேன்."

பேராசிரியர் பலகையில் இருந்த குப்பியை எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ரஃபீனாவிடம் திரும்பினார்.

"பையில தொங்குனா வெயில்ல சூடாகுமே. சூட்டாலயும் ஒட்டியிருக்கலாமே?"

"ஜன்னல்ல தொங்கவிட்டுப் பார்த்தேன் சார். அதே பை, அதே வெயில். ஆட்டாம வெச்சா ஒண்ணுமில்ல."

"எத்தனை தடவை?"

"நாலு."

"வேகமா ஆட்டுனா?"

"தூளாயிரும். வாஷிங் மெஷின்ல மூணு தடவை பார்த்தேன். தொட்டில்தான் சார் கணக்கு. குழந்தை உறங்குற ஆட்டம்."

பேராசிரியர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "ஒரே தண்ணி, ஒரே நேரம், ஒரே இடம். நாலு குப்பி சும்மா இருக்கு, ஒண்ணு மட்டும் ஆடுது. முப்பத்திரண்டு வாரம்" என்றார். "என் மாணவன் எவன்கிட்டயாவது இதைச் செய்யச் சொன்னா மூணாம் வாரமே ஓடிப்போயிருப்பான்." அப்புறம் குரல் மாறியது. "அஞ்சனா, நடுக்காயல் பத்தி எழுதுனது அத்தனையும் பொய்னு முதல்ல எழுதிக் கொடுங்க. யார் எங்க மொண்டாங்க, எந்த ரோட்டுல எத்தனை மணி நேரம் ஆடுச்சு, அதையும் எழுதுங்க. மோரையும் எழுதுங்க. அப்புறம் இந்தம்மா சொல்றதை நீங்களே ஒழுங்கா அளந்து செஞ்சு காட்டுங்க. மூணு மாசம் தர்றேன். அதே மாதிரி வந்தா திட்டம் தொடரும். வராட்டி நீங்க கிளம்பலாம்."

"மோர் வேண்டா சார்" என்றாள் ரஃபீனா பலவீனமாக.

"மோரும்தான்" என்றார் அவர். செல்லதுரை சுக்கானைப் பிடித்தபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் வைப்பின் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதில் சந்தேகமே இல்லை.

அந்த வாரம் முழுவதும் அஞ்சனா அவளிடம் வேலை விஷயம் தவிர ஒரு சொல் பேசவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை. ரஃபீனா சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். காலண்டர் தாளை வாங்கி, மலையாளத்தில் இருந்ததை வரி வரியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நன்றி என்றுகூடச் சொல்லாமல் போனாள். ரஃபீனா கொண்டுவந்த சாயா மேசையிலேயே ஆறிக் கிடந்தது. வேலையை விட்டு நிறுத்தினால்கூட இவ்வளவு வலிக்காது என்று அவள் அனீஸிடம் சொல்லி அழுதாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் படகுத்துறைக்குப் போனபோது கடைசிப் படியில் அஞ்சனா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் புதிதாகப் பத்துக் குப்பிகள்.

"நீங்க எதுக்கு டாக்டரே? நான் மொண்டு கொண்டு வரமாட்டேனா?"

"மொள்ளுவீங்க. நான் பார்ப்பேன்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்லை" என்றாள் அஞ்சனா.

முகத்துக்கு நேராகவே சொன்னாள். ரஃபீனா குந்தி, பத்துக் குப்பிகளையும் அவள் கண்முன்னே நிரப்பினாள். ஐந்து பெட்டிக்குள் போயின, ஐந்து பைக்குள். அஞ்சனா ஒவ்வொன்றையும் சரிபார்த்தாள். பெட்டியை வீட்டில் இறக்கியதும் பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஒரு கை பையில் இருந்தது. மற்றொரு கையை எங்கே வைப்பது என்று கொஞ்சம் தயங்கிவிட்டு, ரஃபீனாவின் தோளைப் பிடித்தாள்.

"ஒவ்வொரு செவ்வாயும் வருவீங்களா?" என்று ரஃபீனா திரும்பாமலே கேட்டாள்.

"நம்பிக்கை வர்ற வரைக்கும் வருவேன் அக்கா."

அந்த நம்பிக்கை அத்தனை சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று படைத்தவனிடம் வேண்டிக்கொண்டு, ரஃபீனா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.